ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபியா, 4060 8 ஜிபியா? கோரும் குறைவு, பஸ்ஸும் குறைவு, டெராஃப்ளாப்ஸ் மட்டும் எப்படிக் கூடுகிறது?

வைகைக்கரை:

வணக்கம் நண்பர்களே. செகண்ட் ஹேண்டில் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம் என்று இறங்கியிருக்கிறேன். என்விடியா கம்பெனியின் இரண்டு கார்டு கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கிறது. ஒன்று, தெரிந்தவர் ஒருவரிடம் இருக்கும் ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி, வாரண்டி முடிந்துவிட்டது. இன்னொன்று கடையில் இருக்கும் ஆர்டிஎக்ஸ் 4060, 8 ஜிபி, கொஞ்ச நாள் வாரண்டி பாக்கி. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, அதனால் விலையை வைத்து முடிவு பண்ண முடியவில்லை. 5060 வாங்குங்கள் என்று தயவுசெய்து யாரும் ஆரம்பிக்காதீர்கள், பட்ஜெட் அவ்வளவுதான்.

குழப்பம் என்னவென்றால், ஸ்பெக் பக்கத்தில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். கூடா கோர் (கணக்குப் போடும் சிறு யூனிட்) 3060-ல் 3584, 4060-ல் 3072. மெமரி பஸ் (சிப்புக்கும் மெமரிக்கும் நடுவே உள்ள பாதையின் அகலம்) 192 பிட், இதில் 128. பேண்ட்விட்த் (அந்தப் பாதையில் டேட்டா வரும் வேகம்) நொடிக்கு 360 ஜிபி, இதில் 272. ஸ்லாட்டில் 16 லேன் (போர்டிலிருந்து டேட்டா வரும் வழி), இதில் 8. சிப்பின் பரப்பே 276 சதுர மில்லிமீட்டர், இதில் 159. எதைத் தொட்டாலும் புதியதுதான் சின்னது. ஆனால் கீழே "தியரிட்டிக்கல் பெர்ஃபார்மன்ஸ்" என்று ஒரு பெட்டி இருக்கிறதே, அங்கே மட்டும் எல்லாம் தலைகீழ். எஃப்பி32 (32 பிட் தசமக்) கணக்கில் 12.74 டெராஃப்ளாப்ஸுக்கு (நொடிக்கு அத்தனை லட்சம் கோடி கணக்கு) எதிரே 15.11. பிக்சல் ரேட் 85-க்கு எதிரே 118, டெக்ஸ்சர் ரேட் 199-க்கு எதிரே 236. கோர் குறைந்தால் வேகம் எப்படிக் கூடும்? இந்த எண்ணையெல்லாம் லேபில் வைத்து அளக்கிறார்களா, கம்பெனி சொல்வதை அப்படியே போடுகிறார்களா?

என்னிடம் இருப்பது ஐ5 10400எஃப், பி460 போர்டு, 16 ஜிபி ரேம், 500 வாட் பவர் சப்ளை, 1080பி மானிட்டர். வேலை: ராத்திரி கேம், முகூர்த்த மாசத்தில் அத்தான் எடுக்கும் கல்யாண வீடியோவை டாவின்சி ரிசால்வில் எடிட் பண்ணுவது, கொஞ்சம் பிளெண்டர். சமீபத்தில் மொழி மாடல்களை வீட்டு மெஷினிலேயே ஓட்டிப் பார்க்கும் ஆசையும் வந்திருக்கிறது.

பழைய_சிலிக்கான்:

யாரும் அளப்பதில்லை நண்பரே. அந்தப் பெட்டியில் இருப்பது மொத்தமும் பெருக்கல் வாய்ப்பாடு. எஃப்பி32 என்றால் கோர் எண்ணிக்கை, அதை 2-ஆல் பெருக்கு, பூஸ்ட் கிளாக்கால் (கம்பெனி சொல்லும் உச்சத் துடிப்பு வேகம்) பெருக்கு, முடிந்தது. நடுவில் வரும் 2 எதற்கு என்றால், ஒரு கோர் ஒரு கிளாக்கில் ஒரு பெருக்கலையும் ஒரு கூட்டலையும் சேர்த்து ஒரே கட்டளையாக முடிக்கும், அதை இரண்டு வேலை என்று கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். 3060-ன் பூஸ்ட் 1777 மெகாஹெர்ட்ஸ். 3584 × 2 × 1.777, ஆயிரத்தால் வகுத்தால் 12.74. 4060-ன் பூஸ்ட் 2460. 3072 × 2 × 2.46, அதே மாதிரி வகுத்தால் 15.11. நீங்களே கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், தசமம் வரைக்கும் பொருந்தும்.

பிக்சல் ரேட்டும் அப்படித்தான். இரண்டிலும் ஆர்ஓபி (பிக்சலை எழுதும் யூனிட்) 48, அதைக் கிளாக்கால் பெருக்கியதுதான் 85-ம் 118-ம். டெக்ஸ்சருக்கு 3060-ல் 112 யூனிட், 4060-ல் 96. ஆக அந்தப் பெட்டி முழுக்க 4060 ஜெயிப்பதற்கு ஒரே காரணம் கிளாக்தான். 3060-ன் சிப் சாம்சங்கின் 8 நானோமீட்டரில் வந்தது, 4060-ன் சிப் டிஎஸ்எம்சியின் 4என் என்ற செயல்முறையில். அந்த மாற்றத்தில் கிளாக் கிட்டத்தட்ட 38 சதவீதம் ஏறியது, கோர் 14 சதவீதம் இறங்கியது, நிகரமாக 18-19 சதவீதம் லாபம். 159 சதுர மில்லிமீட்டருக்குள் 1,890 கோடி டிரான்சிஸ்டரைத் திணித்திருக்கிறார்கள். பெரிய சிப்பான 3060-ல் அதைவிடக் குறைவு. அதனால் பரப்பை வைத்துச் சிப்பை எடைபோட வேண்டாம்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த டெராஃப்ளாப்ஸ் ஒப்பீடு உங்கள் இரண்டு கார்டுக்கும் நடுவே ஓரளவு நியாயமானது, ஏனென்றால் கோரின் அமைப்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. தலைமுறை தாண்டினால், கம்பெனி தாண்டினால், அந்த எண் பொய் சொல்ல ஆரம்பிக்கும். 20 சீரிஸின் 2080 டிஐயை எடுத்துக்கொள்ளுங்கள், காகிதத்தில் 13.45 டெராஃப்ளாப்ஸ். 3070 காகிதத்தில் 20.3. பாதிக்கு மேல் கூடுதல். ஆனால் கேமில் இரண்டும் கிட்டத்தட்ட தோளோடு தோள். காரணம், 2080 டிஐ காலத்தில் முழு எண் கணக்குக்குத் தனிப் பாதை, தசமக் கணக்குக்குத் தனிப் பாதை. 30 சீரிஸில் முழு எண் பாதையையே தசமக் கணக்கும் போடும்படி செய்து, கோர் எண்ணிக்கையை ஒரே அடியில் இரட்டிப்பாகக் காட்டினார்கள். கேமில் முழு எண் வேலையும் வந்துகொண்டேதான் இருக்கும். நூறு தசமக் கட்டளைக்குச் சராசரியாக 36 முழு எண் கட்டளை வருகிறது என்று 20 சீரிஸ் வந்தபோது என்விடியாவே சொன்னது. அந்த 36 வரும்போதெல்லாம் அந்தப் பாதை தசமக் கணக்குக்குக் கிடைக்காது. ஏஎம்டி பக்கமும் இதே கதைதான். ஆர்எக்ஸ் 6600 காகிதத்தில் 9 டெராஃப்ளாப்ஸைக்கூடத் தொடாது, ஆனால் 1080பி கேமில் 12.74 உள்ள 3060-க்குச் சில சதவீதம்தான் பின்னால் நிற்கும். அடுத்து வந்த ஆர்எக்ஸ் 7600-ல் ஒரே கிளாக்கில் இரட்டைக் கட்டளை என்று கணக்குப் போட்டு 21-க்கு மேல் காட்டுகிறார்கள். அது 4060-ன் அளவில்தான் ஓடுகிறது.

அப்புறம், பெட்டியில் இருக்கும் பூஸ்ட் கிளாக்கே ஒரு பேச்சுக்குத்தான். ஓரளவு நல்ல கூலர் உள்ள 4060 கேமில் 2700-ஐ ஒட்டி ஓடும், 3060-ம் 1777-ஐத் தாண்டித்தான் ஓடும். விகிதம் பெரிதாக மாறாது, அதனால் அதைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை.

75_ஹெர்ட்ஸ்:

தல, இவ்வளவு கணக்கு எதற்கு? 4060-ஐ எடு, போய் விளையாடு. 1080பி-யில் எந்த ரிவியூவைப் பார்த்தாலும் ஃபிரேம் ஜெனரேஷன் (நடுவே ஃபிரேமை ஊகித்துச் செருகுவது) இல்லாமலே 3060-ஐவிட 15 முதல் 20 சதவீதம் முன்னால் நிற்கிறது. பழைய சிலிக்கான் அண்ணன் சொன்ன 18-19-ம் அதுவும் ஒத்துப்போகிறது பாருங்கள். அதற்கு மேல், என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் ஃபிரேம் ஜெனரேஷன் 40 சீரிஸில் இருந்துதான், 3060-க்குக் கிடையாது.

பவரைப் பற்றி யாரும் பேசவில்லையே. 3060 170 வாட், 4060 115 வாட். 55 வாட் வித்தியாசம். தினமும் 5 மணி நேரம் முழு லோடில் ஓடுகிறது என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 16 யூனிட் சொச்சம். இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஏசியும் ஓடும் வீட்டில் ரீடிங் 490-ல் நிற்கும்போது தெரியும், 500 யூனிட்டைத் தாண்டினால் ஈபி பில் கணக்கே வேறு. மதுரை வெயிலில் மூடிய அறைக்குள் 55 வாட் சூடு குறைவது தனி லாபம். உங்கள் 500 வாட் சப்ளைக்கும் அதுதான் நல்லது.

நிலா_ரெண்டர்:

75 ஹெர்ட்ஸ் தம்பி கேமை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதிவிட்டார். கேட்டவர் எடிட்டிங், பிளெண்டர், மொழி மாடல் என்று மூன்று வேலை சொல்லியிருக்கிறார், அதை யாரும் தொடவே இல்லை.

டெராஃப்ளாப்ஸ் என்பது கோர்களுக்குத் தீனி தடையில்லாமல் வந்துகொண்டே இருந்தால் எட்டக்கூடிய உச்சம். தீனி வரும் வழி மெமரி பேண்ட்விட்த். அதுவும் பெருக்கல்தான்: 192 பிட் பஸ், ஒரு பின்னுக்கு 15 ஜிகாபிட், எட்டால் வகுத்தால் 360. 4060-ல் 128 × 17, எட்டால் வகுத்தால் 272. இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஆயிரம் கணக்கு போடும் நேரத்தில் 3060-க்கு வெளியிலிருந்து 28 பைட் வந்து சேரும், 4060-க்கு 18 பைட்தான். பஸ்ஸைக் குறைத்ததற்கு ஈடாக 4060-ல் எல்2 கேஷை (சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான மெமரி) 24 எம்பி ஆக்கினார்கள், 3060-ல் அது 3 எம்பி. திரும்பத் திரும்ப வேண்டிய டேட்டா கேஷிலேயே கிடைத்துவிட்டால் வெளியே போக வேண்டியதில்லை, அதனால் 1080பி கேமில் அந்தக் குறை தெரியாது. என்விடியா ஒரு படி மேலே போய் "எஃபெக்டிவ் பேண்ட்விட்த் 453 ஜிபி" என்று ஒரு எண்ணையே 4060-க்கு வெளியிட்டது. அது கேம்களில் கேஷ் இத்தனை முறை கைகொடுக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு. நொடிக்கு 453 ஜிபி மெமரியிலிருந்து வருவதாக யாரும் நினைத்துவிட வேண்டாம்.

கேஷ் கைவிடும் இடம் மொழி மாடல். 8பி (800 கோடி எண்கள் கொண்ட) மாடலை 4 பிட்டாகச் சுருக்கிய ஃபைல் ஒன்று 4.9 ஜிபி அளவில் இருக்கும். ஒவ்வொரு டோக்கன் (சொல் அல்லது சொல்லின் துண்டு) வெளிவரும்போதும் அந்த 4.9 ஜிபி முழுவதையும் ஒரு முறை மெமரியிலிருந்து படித்தாக வேண்டும். 24 எம்பி கேஷ் இங்கே எந்த மூலைக்கு? அதனால் உச்ச வேகத்தை நீங்களே கணிக்கலாம்: 360-ஐ 4.9-ஆல் வகுத்தால் நொடிக்கு 73 டோக்கன், 272-ஐ வகுத்தால் 55. நடைமுறையில் இரண்டுமே இதற்குக் கீழேதான் வரும், ஆனால் வரிசை மாறாது. டெராஃப்ளாப்ஸில் 19 சதவீதம் முன்னால் நிற்கும் கார்டு இங்கே பின்னால் நிற்கும். நீளமான கேள்வியைப் போட்டு அதை மாடல் படித்து முடிக்கும் கட்டம் மட்டும் கணக்கை நம்பியது, அங்கே 4060 முந்தும்.

அடுத்த படியாக 14பி மாடல், 4 பிட்டில் ஏறத்தாழ 9 ஜிபி. 12-க்குள் அடங்கும், 8-க்குள் அடங்காது. அடங்காத பகுதி சிஸ்டம் ரேமுக்குப் போய்விடும், அதோடு வேகம் படுத்துவிடும். அந்த இடத்தில் இரண்டு கார்டையும் ஒப்பிடுவதே வீண்.

இதில் இன்னொரு விளம்பர எண்ணும் சுற்றுகிறது. 4060-க்கு 242 ஏஐ டாப்ஸ் (நொடிக்கு அத்தனை லட்சம் கோடி ஏஐ கணக்கு), 3060-க்கு 102 என்று போட்டு, "ரெண்டு மடங்குக்கு மேல்" என்பார்கள். 242 என்பது எஃப்பி8-ல் (8 பிட் கணக்கு), அதுவும் ஸ்பார்சிட்டி (பூஜ்யங்களைத் தாண்டிப்போவது) என்ற சலுகையோடு. 102 அதே சலுகையோடு எஃப்பி16-ல் (16 பிட்). 3060-க்கு எஃப்பி8 வசதியே கிடையாது, அதனால் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைப்பதே தப்பு. 4060-ஐயும் எஃப்பி16-க்கு இறக்கினால் 121. 121-ஐ 102-ஆல் வகுத்துப் பாருங்கள், மறுபடி அதே 19 சதவீதத்தில் வந்து நிற்கும். எங்கே சுற்றினாலும் அந்தக் கிளாக் கணக்குதான்.

பிளெண்டரில் மனசாட்சியோடு சொன்னால் 4060 வேகம். சீன் மெமரிக்குள் அடங்கும் வரை நன்றாகவே முந்தும், ரே டிரேசிங் கோர் ஒரு தலைமுறை புதியது. சீன் பெருத்தால் மட்டும் 12 ஜிபி வேண்டும், கற்றுக்கொள்ளும் கட்டத்தில் அவ்வளவு பெருக்காது.

ரிசால்வுக்கு வருவோம். 4கே டைம்லைனில் மூன்று நாலு நோடுக்கு (ஒவ்வொரு திருத்தப் படியும் ஒரு நோடு) மேல் போட்டு, ஸ்டூடியோ வெர்ஷனில் டெம்பரல் நாய்ஸ் ரிடக்ஷனையும் (அடுத்தடுத்த ஃபிரேம்களை ஒப்பிட்டுப் புள்ளிகளை நீக்குவது) வைத்தால், 8 ஜிபி கார்டில் "ஜிபியு மெமரி ஃபுல்" என்ற அறிவிப்பு வரும். மண்டபத்தில் லைட் குறைவாக இருக்கும்போது எடுத்த ரிசப்ஷன் ஃபுட்டேஜுக்கு நாய்ஸ் ரிடக்ஷன் போடாமல் யார் விடுவார்கள்? 12 ஜிபியில் அந்தச் சங்கடம் வெகு குறைவு. 4060-ல் ஏவி1 என்ற புதிய வீடியோ ஃபார்மட்டுக்கு என்கோடர் இருக்கிறது, 3060-ல் டிகோட் மட்டும். ஆனால் பென் டிரைவில் போட்டுக் கொடுத்த வீடியோவை டிவியில் செருகிப் பார்க்கும் பெண் வீட்டாருக்கு ஏவி1 எதற்கு, எச்264-தான் கேட்பார்கள். ஓபிஎஸ்ஸில் ஸ்ட்ரீம் பண்ணுகிறவர்களுக்கு அது நல்ல வசதி, அது வேறு.

ஒரு கேள்வி: அத்தானின் கேமரா 10 பிட் 4:2:2-ல் (கலர் விவரம் கூடுதலாக இருக்கும் பதிவு) பதிகிறதா? அப்படியென்றால் 3060, 4060 இரண்டுமே அதை ஹார்ட்வேரில் டிகோட் பண்ணாது. 50 சீரிஸில்தான் அந்த வசதி வந்தது. உங்கள் சிபியுவில் எஃப் என்று முடிகிறது, அதாவது உள்ளே கிராபிக்ஸே இல்லை, அந்த வழியும் அடைப்பு. எந்தக் கார்டு வாங்கினாலும் பிராக்ஸி (எடிட்டுக்காகப் போடும் சின்ன நகல் ஃபைல்) போட்டுத்தான் எடிட் பண்ண வேண்டியிருக்கும்.

75_ஹெர்ட்ஸ்:

அண்ணே, மொழி மாடல் அவருக்கு ஆசைதான், தினமும் ஓட்டப்போவது கேம். ஆசைக்காக மூன்று தலைமுறை வசதியை விட வேண்டுமா?

நிலா_ரெண்டர்:

மூன்று தலைமுறை எங்கே வந்தது, 30-க்கு அடுத்தது 40, ஒரே தலைமுறைதான். அந்த ஃபிரேம் ஜெனரேஷனையும் கொஞ்சம் பார்ப்போம். நிஜமாக வரைந்த இரண்டு ஃபிரேமுக்கு நடுவே ஒன்றை ஊகித்துச் செருகுவதுதான் அது. எண் கூடும், பார்க்க வழுவழுப்பாக இருக்கும், ஆனால் மவுஸை அசைத்தால் பதில் வரும் நேரம் குறையாது, சற்றுக் கூடவே செய்யும். 30 ஃபிரேமில் திணறும் கேமை அது காப்பாற்றாது, 60-ல் ஓடுவதை மெருகேற்றும். அதுவும் மெமரியில் இடம் கேட்கும், 8 ஜிபியில் ஏற்கெனவே நெரிசல். கம்பெனி ஸ்லைடுகளில் பழைய கார்டை இது இல்லாமலும் புதிய கார்டை இதோடும் வைத்துப் பட்டை வரைகிறார்களே, அது என்ன நியாயம்?

8 ஜிபி கேமுக்கே இடிக்கும் இடங்களும் உண்டு. தி லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் பாகம் 2023 மார்ச்சில் பிசிக்கு வந்தபோது 8 ஜிபி கார்டுகள் பட்ட பாடு எல்லாருக்கும் நினைவிருக்கும். பின்னால் பேட்ச் வந்து சரி செய்தார்கள். இப்போது பல கேம்கள் மெமரி போதாவிட்டால் கிராஷ் ஆவதில்லை, சத்தம் போடாமல் டெக்ஸ்சரை மட்டமாக்கிவிடும். ஃபிரேம் கவுண்டரில் 70 என்று காட்டும், சுவரில் இருக்கும் போஸ்டர் மட்டும் கடைசி வரை தெளிவாகவே தெரியாது. ரிவியூ பட்டை வரைபடத்தில் இது வராது.

கோடம்பாக்கம்_கேபிள்:

இரண்டு பேரும் கார்டைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள், அவர் வாங்கப்போவது செகண்ட் ஹேண்ட் என்பதை மறந்துவிட்டீர்கள்.

முதல் விஷயம், அந்த 3060 நிஜமாகவே 12 ஜிபியா? 2022 கடைசியில் 3060 என்ற அதே பெயரில் 8 ஜிபி கார்டும் வந்தது. கோர் அதே 3584, கிளாக் அதே 1777, ஆகவே டெராஃப்ளாப்ஸும் அதே 12.74. பஸ்ஸை மட்டும் 128 பிட்டாக வெட்டினார்கள், பேண்ட்விட்த் 240-க்கு இறங்கியது. கேமில் இரண்டும் ஒன்றா என்றால் இல்லை, 8 ஜிபி கார்டு கண்கூடாகப் பின்தங்கும். டெராஃப்ளாப்ஸ் அசையாமல் இருக்கப் பஸ் மட்டும் மாறினால் என்ன ஆகும் என்று பார்க்க இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடையாது. நிலா ரெண்டர் சொன்ன தீனிக் கதை இங்கே அப்படியே தெரியும். பெட்டி இல்லாமல் கைமாறும் கார்டில் பெயரை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். ஜிபியு-இசட் என்ற, கார்டு விவரம் காட்டும் மென்பொருளைத் திறந்து மெமரி சைஸ் 12288 எம்பி, பஸ் விட்த் 192 பிட், பேண்ட்விட்த் 360 என்று மூன்றையும் பாருங்கள். முதல் ஸ்க்ரீனிலேயே இருக்கும். எனக்கு ஒரு கடையில் இதே மாதிரி 8 ஜிபியை 12 என்று சொல்லிக் கட்டப் பார்த்தார்கள். லேப்டாப்பையும் எக்ஸ்டர்னல் டாக்கையும் வெளியே எடுத்ததும் "இது வேற பீஸ் சார்" என்று உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

இரண்டாவது, மைனிங். 3060 வந்தது 2021 பிப்ரவரியில், ஈத்தர் மைனிங் (எத்திரியம் என்ற கிரிப்டோ நெட்வொர்க்கின் நாணயத்தைக் கார்டை ஓட்டிச் சம்பாதிப்பது) உச்சத்தில் இருந்த நேரம். மைனிங் வேகத்தைப் பாதியாக்கும் பூட்டோடுதான் விற்றார்கள். அடுத்த மாதமே பூட்டு இல்லாத டெவலப்பர் டிரைவர் ஒன்றை என்விடியாவே தவறுதலாக வெளியே விட்டுவிட்டது. 2022 செப்டம்பரில் எத்திரியம் கார்டு தேவைப்படாத முறைக்கு மாறியதும் அந்த மைனிங் நின்றது, கார்டுகள் சந்தைக்கு வந்து குவிந்தன. 4060 வந்ததே 2023 ஜூன் கடைசியில், அதற்கு அந்தப் பழி கிடையாது. மைனிங்கில் ஓடிய கார்டு என்றாலே குப்பை என்று நான் சொல்ல மாட்டேன். சிப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், ஃபேன் பேரிங்கும் மெமரி மேல் இருக்கும் தெர்மல் பேடும்தான் தேய்ந்துபோயிருக்கும். பேட் மாற்ற ஆள் இருந்தால் கவலை இல்லை. பில் தேதியைக் கேளுங்கள், எத்தனை கார்டு வைத்திருந்தார் என்பதையும் பேச்சுவாக்கில் கேளுங்கள்.

வைகைக்கரை:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பெருக்கல் என்று சொன்னதும் பாதித் தெளிவு வந்துவிட்டது. அத்தானைக் கேட்டேன், கேமரா 10 பிட் 4:2:2-தான். ஆக பிராக்ஸி நிச்சயம்.

இன்னும் இரண்டு சந்தேகம். 4060-ல் 8 லேன்தான் என்பது எனக்கு எவ்வளவு பாதிக்கும்? என் போர்டில் பிசிஐஇ (அந்த ஸ்லாட்டின் தரம்) 3.0-தான் என்று நினைக்கிறேன். அப்புறம் 500 வாட் சப்ளை 3060-க்குத் தாங்குமா?

பழைய_சிலிக்கான்:

ஆமாம், இன்டெல் 10-வது தலைமுறைக்கு 3.0-தான். 4.0 உள்ள போர்டில் 8 லேன் போதுமானது, யாருக்கும் வித்தியாசம் தெரியாது. 3.0-ல் ஒரு லேனுக்கு நொடிக்கு ஒரு ஜிபிக்குச் சற்றுக் கீழே. அதனால் உங்கள் மெஷினில் 4060-க்குக் கிடைப்பது 8 ஜிபிக்குச் சற்றுக் குறைவு, 3060-க்குக் கிடைப்பது 16-க்குச் சற்றுக் குறைவு. சாதாரணமாக ஓடும் கேமில் இதனால் போவது சில சதவீதம்தான், பயப்பட வேண்டாம். ஆனால் கார்டின் மெமரி நிரம்பி வழிந்து சிஸ்டம் ரேமிலிருந்து டேட்டா வர வேண்டிய நேரத்தில், அது வரும் வழியே இந்த லேன்தான். அதாவது மெமரி குறைவான கார்டுக்கே வழியும் குறுகல், அதிலும் உங்கள் போர்டில் இன்னும் குறுகல். இரண்டு குறையும் ஒரே நேரத்தில் சேர்ந்து வரும், அப்போதுதான் அந்தத் திடீர்த் திக்கல் எல்லாம். டாஸ்க் மேனேஜரில் டெடிகேட்டட் மெமரி நிரம்பி ஷேர்டு மெமரி ஏறுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பவர் சப்ளையைப் பொறுத்தவரை என்விடியா இரண்டுக்குமே 550 வாட் என்றுதான் போட்டிருக்கிறது, அது எல்லா விதமான சிபியுவையும் மனதில் வைத்துச் சொல்வது. உங்கள் 10400எஃப் அவ்வளவு குடிக்கும் ஆள் இல்லை. 3060-ன் 170-ஐயும் சேர்த்தாலும் 500-க்குள் வசதியாக அடங்கும், சப்ளை உருப்படியானதாக இருந்தால். கேபினட்டோடு இலவசமாக வந்த 500 என்றால் 4060-ஐக்கூட நான் மாட்ட மாட்டேன். 8 பின் கனெக்டர் சப்ளையிலிருந்தே நேராக வருகிறதா என்று பாருங்கள், மோலெக்ஸ் என்ற பழைய கனெக்டரிலிருந்து கன்வெர்ட்டர் போட்டு ஓட்ட வேண்டாம்.

என் ஓட்டு எதற்கு என்றால், கேம் மட்டும் என்றால் 4060 என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். நீங்கள் சொன்ன நாலு வேலையில் இரண்டு மெமரி கேட்கிற வேலை, போர்டும் 3.0. அதனால் பில்லோடு கிடைத்தால் 3060.

75_ஹெர்ட்ஸ்:

வாரண்டி இருக்கும் கார்டை விட்டுவிட்டு வாரண்டி இல்லாததை வாங்கச் சொல்கிறீர்கள், நான் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆறு மாதத்தில் டிஸ்ப்ளே போனால் 12 ஜிபியை வைத்து என்ன செய்வது?

கோடம்பாக்கம்_கேபிள்:

அதுவும் சரிதான் தம்பி. அதனால்தான் தெரிந்தவரிடம் வாங்குகிறார் என்பதையும் கணக்கில் வைக்கிறேன். வைகைக்கரை, அங்கேயே உட்கார்ந்து அரை மணி நேரம் கனமான ஒரு கேமையோ பெஞ்ச்மார்க்கையோ ஓட்டிப் பாருங்கள். ஜிபியு-இசட்டில் ஹாட்ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான இடம்) சூடு சாதாரணச் சூட்டைவிட இருபது டிகிரிக்கு மேல் போனால் சிப் மேல் பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம், அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். திரையில் புள்ளி புள்ளியாகக் கலர் பறந்தால் மட்டும் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள், அது மெமரி.

வைகைக்கரை:

சரி, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன். அவரிடம் பில் இருக்கிறதாம், 2023-ல் வாங்கியது, மைனிங் முடிந்த பிறகு. 192 என்று காட்டினால் அதையே எடுத்துவிடுகிறேன், இல்லையென்றால் கடைக்காரரின் 4060.

நிலா_ரெண்டர்:

எடுத்தவுடன் டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிட்டு ஸ்டூடியோ டிரைவர் போடுங்கள், ரிசால்வுக்கு அது போதும், கேமும் அதிலேயே ஓடும். 16 ஜிபி ரேமை 32 ஆக்க முடிந்தால் ஆக்கிவிடுங்கள்.